216-ஆம் பக்கத்துக்கு அடுத்து

ஒத்தக்கடை
11 ஆகஸ்ட் 2024, ஞாயிறு இரவு

அன்புள்ள பெர்சி அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டாதீர்கள். பால்பாண்டி அத்தானிடம்கூட வேண்டாம். உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன். படித்ததும் கிழித்துவிடுங்கள். கிழித்ததை நூலகத்துக் குப்பைக்கூடையில் போடாதீர்கள்.

நீங்களும் அத்தானும் சுகமாக இருக்க மாதாவிடம் வேண்டிக்கொள்கிறேன். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுத வேண்டும். எழுதினால் பொய்.

நான் உங்கள் சித்தி மகள் ஜெஸி. நீங்கள் அத்தானைக் கட்டிக்கொண்டு அலங்காநல்லூர் போனபோது எட்டாம் வகுப்பு படித்தேன். இப்போது பிளஸ் ஒன், பயாலஜி குரூப். உங்கள் பெயரை இந்த வீட்டில் எடுக்கக் கூடாது என்று அப்பா சொல்லி மூன்று வருடமாகிறது. வீட்டில் இருப்பது ஒரே போன், அதுவும் அப்பாவின் சட்டைப்பையில். நீங்கள் பல்கலைக்கழக நூலகத்தில் வேலை பார்ப்பதை அவனியாபுரம் மாமா அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். அம்மா அதைக் குழம்பு கொதிக்கிற சத்தத்துக்குள் வைத்து என்னிடம் சொன்னார்கள்.

தம்பி ஆலனுக்கு எட்டு வயது. ஓடினால் விழுகிறான். தரையிலிருந்து எழும்போது முழங்காலில் கையை ஊன்றி, அப்புறம் தொடையில் ஊன்றி, தன் உடம்பின் மேல் தானே ஏறுவதுபோல எழுகிறான். கெண்டைக்கால் மட்டும் பருத்துக் கிடக்கிறது. அவனுக்கு அது பெருமை. "பாத்தியாடா, மாடு பிடிக்கிறவன் காலு" என்று தெருப் பையன்களிடம் காட்டுவான். ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்து, டுஷென் தசைச் சிதைவு நோய் என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். அம்மாவையும் பரிசோதனைக்கு அழைத்து வரச் சொன்னார் டாக்டர். அப்பா அதற்குப் பிறகு அங்கே போகவே இல்லை.

அப்பாவின் அக்கா ஆரோக்கியம் அத்தை எங்களோடுதான் இருக்கிறார்கள். "எங்க வகையறாவுல ஒருத்தன் நொண்டுனது கிடையாது. பாத்திரம் பண்டத்தோட இதையும்ல சீரா குடுத்துவிட்டிருக்காய்ங்க" என்று தினமும் சொல்கிறார்கள். கிறிஸ்துமஸுக்கு வரும் சொந்தக்காரர்கள் கண்ணில் படுவதற்கு முன் அம்மாவையும் ஆலனையும் அவனியாபுரம் மாமா வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டுமாம். விருந்துக்கு இல்லை அக்கா, ஒரேயடியாக. அம்மா வாயே திறப்பதில்லை. நான்தான் அழுதுகொண்டு, "இந்த நோய் அம்மாவால வரலப்பா" என்றேன்.

அப்பா கோர்ட்டில் ரெக்கார்டு ரூமில் வேலை பார்க்கிறவர் என்பது உங்களுக்குத் தெரியும். "வாய்ப் பேச்சு எனக்கு வேணாம் பாப்பா. அச்சுல இருந்தா கொண்டா, பாப்போம்" என்றார்.

பெரிய டாக்டர்கள் எழுதுகிற ஆய்விதழ் எதிலாவது, இந்த நோய்க்கு அம்மா காரணம் இல்லை என்று ஒரு வரி இருக்கும் அல்லவா? அதைத் தேடி எடுத்து அனுப்புங்கள். வீட்டுக்கு வேண்டாம். என் வகுப்பு இந்துப்ரியாவின் வீட்டு முகவரியைப் பின்னால் எழுதியிருக்கிறேன். அவர்கள் சௌராஷ்டிரர்கள், நல்லவர்கள். என்னைப் பற்றி அவர்கள் மொழியில் பேசிக்கொண்டாலும் எனக்குப் புரியாது, அதுவே நிம்மதி.

பயத்துடன்,
ஜெஸி


நூலகம், ரெஃபரன்ஸ் பிரிவு
22 ஆகஸ்ட் 2024

அன்புள்ள ஜெஸிம்மாவுக்கு,

நானும் அத்தானும் நலம். சித்தி வேளைக்குச் சாப்பிடுகிறார்களா? ஆலனுக்கு என் முத்தங்கள். உன் கடிதத்தைக் கிழித்துவிட்டேன்.

நீ கேட்டதை அனுப்பியிருக்கிறேன். நீயே தேட நேர்ந்தால் தெரிந்துகொள்: இணையத்தில் நோயின் பெயரை மட்டும் போட்டால் ஆயிரக்கணக்கில் கட்டுரைகள் வந்து விழும். எதைப் பற்றி வேண்டும் என்று இன்னும் இரண்டு சொல் சேர்க்க வேண்டும். கட்டுரையின் சுருக்கத்தை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். முழுக் கட்டுரை, சந்தா கட்டியிருக்கிற நூலகத்துக்குள் உட்கார்ந்தால்தான் திறக்கும். இந்த ஆய்விதழ் எங்களிடம் இருக்கிறது.

211 முதல் 216 வரை ஆறு பக்கங்கள். உனக்கு வேண்டிய வரி 216-இன் கடைசிப் பத்தியில் இருக்கிறது. பென்சிலால் கோடு போட்டிருக்கிறேன். அதை மட்டும் சித்தப்பாவிடம் காட்டினால் போதும்.

எனக்கு இப்போதெல்லாம் மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. காரணத்தைப் பிறகு எழுதுகிறேன். சித்தி தன் தம்பி அற்புதராஜைப் பற்றி வீட்டில் பேசுவதுண்டா?

அன்புடன்,
பெர்சி


ஒத்தக்கடை
1 செப்டம்பர் 2024, இரவு

என் உயிரான பெர்சி அக்காவுக்கு,

நீங்கள் நூறு வருடம் சுகமாக இருக்க வேண்டும். அத்தானுக்கும் என் வணக்கம். மூச்சு வாங்குவது ஏன்? ரத்தம் குறைவோ? பேரீச்சம்பழம் சாப்பிடுங்கள்.

ஆறு பக்கத்தையும் அகராதி வைத்துக்கொண்டு நான்கு நாள் படித்தேன். பாதிக்கு மேல் புரியவில்லை. ஆனால் நீங்கள் கோடு போட்ட வரி நன்றாகப் புரிந்தது. "நோயாளிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இது தாயிடமிருந்து வருவதில்லை. குழந்தையிடமே புதிதாகத் தோன்றுகிறது." இதைத் தமிழில் ஒரு தாளில் எழுதி, இரண்டையும் சேர்த்து அப்பாவிடம் கொடுத்தேன். யார் எடுத்துக் கொடுத்தது என்று கேட்டார். பயாலஜி டீச்சர் என்று பொய் சொன்னேன்.

அப்பா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மூன்று தடவை படித்தார். "அப்ப, யாருகிட்ட இருந்தும் வராமலேயும் வருமா?" என்றார். குரல் எப்படியோ இருந்தது. அன்று ராத்திரி அம்மாவைப் பார்த்து, "நீயும் உக்காந்து சாப்பிடு" என்றார். இரண்டு மாதத்துக்குப் பிறகு அக்கா! ஆலன் நடுவில் உட்கார்ந்து இரண்டு பேர் தட்டிலிருந்தும் அப்பளத்தைத் திருடினான். அத்தை மட்டும், "அச்சுல வந்துட்டா ஆச்சா? மளிகைக்கடைக்காரன் பில்லும் அச்சுலதான் வருது" என்றார்கள்.

நான்கு நாள் வீடு, வீடாக இருந்தது.

நேற்று அப்பா அந்தப் பக்கங்களை ஃபைலில் வைக்க எடுத்தார். எந்தக் காகிதம் கைக்கு வந்தாலும் முதலில் பக்க எண்ணைச் சரிபார்ப்பது அவர் வழக்கம். எச்சில் தொட்டு ஒவ்வொன்றாகப் புரட்டினார். 216-இன் அடியில் கடைசி வரி பாதியில் நிற்பதை நான் கவனிக்கவே இல்லை. "ஆனால், குடும்பத்தில்" என்பதோடு பக்கம் முடிகிறது. "அடுத்த பக்கம் எங்க?" என்றார். இல்லை என்றேன். "ஆனால்னு நிக்கிற காகிதத்த நான் எப்படி ஃபைல்ல வைக்கிறது? ரெக்கார்டுல எந்தத் தாள் இல்லையோ அதுலதான் பாப்பா விசயம் இருக்கும். மிச்சத்த வாங்கிட்டு வா."

அடுத்த பக்கங்களை உடனே அனுப்புங்கள். அதில் இன்னும் நல்லதாகத்தான் இருக்கும்.

இன்னொன்று. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் அதை எந்தப் பல்கலைக்கழகம் வழியாக, எந்தத் தேதியில் எடுத்தார்கள் என்று பொடி எழுத்தில் இருக்கிறது. ஜூலை 23 என்று போட்டிருக்கிறது. நான் உங்களுக்கு எழுதியதே ஆகஸ்டில்தானே? கம்ப்யூட்டரில் தேதி தவறாக இருக்கிறதா?

அற்புதராஜ் மாமாவைப் பற்றி அம்மா பேசுவதில்லை. காய்ச்சலில் இறந்தவர்தானே?

பிரியமுள்ள,
ஜெஸி


நூலகம்
12 செப்டம்பர் 2024

அன்புள்ள ஜெஸிக்கு,

நலம். நலமறிய ஆவல்.

நீ கேட்ட பக்கங்கள் இப்போது திறக்கவில்லை. சந்தா புதுப்பிக்க வேண்டியிருக்கிறது. வேறு நூலகத்துக்கு எழுதிக் கேட்க வேண்டும், நாளாகும். அவ்வளவுதான் கிடைத்தது என்று சித்தப்பாவிடம் சொல்லிவிடு.

வேலை அதிகம்.

பெர்சி


ஒத்தக்கடை
22 செப்டம்பர் 2024, இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமா? உங்கள் கடிதம் மிகச் சின்னதாக இருந்தது. என்மேல் கோபமா?

கோபமாக இருந்தாலும் பரவாயில்லை, அந்தப் பக்கங்களை அனுப்புங்கள். அப்பா தினமும் கேட்கிறார். அதட்டவில்லை. சட்டையைக் கழற்றி மாட்டிக்கொண்டே, "வந்துச்சா?" என்கிறார். இல்லை என்றால், "ம்" என்கிறார். அந்த "ம்" ஒவ்வொரு நாளும் கொஞ்சம் நீளமாகிறது. அம்மா மறுபடி எல்லோரும் சாப்பிட்ட பிறகு அடுப்படியில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள்.

நானே தேடிப் பார்த்தேன். இந்துப்ரியா வீட்டு லேப்டாப்பில் நீங்கள் சொன்னபடி சொற்களைச் சேர்த்துப் போட்டேன். அதே கட்டுரை வந்தது. சுருக்கம் திறந்தது. கீழே ஒரு பூட்டுப் படம். தொட்டால் டாலரில் பணம் கேட்டது. "நம்ம ரெண்டு பேரையும் வித்தாக்கூட அம்புட்டு வராதுடி" என்றாள் இந்துப்ரியா. சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸ் என்று சொல்லிவிட்டு மாவட்ட நூலகத்துக்குப் போனோம். அங்கிருந்த ஐயா கட்டுரையின் பெயரை வாங்கிப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் யுனிவர்சிட்டியில இருக்கும்மா. இங்க போட்டித் தேர்வு புத்தகம்தான்" என்றார். திரும்பி வரும்போது பஸ் கிடைக்காமல் ஒரு மணி நேரம் தாமதம். வாசலில் அத்தை நின்றார்கள். "எங்க போயிட்டு வாரவ?" என்று கேட்டு என் பையைக் கொட்டினார்கள். உங்கள் கடிதம் ஜாமெட்ரி பாக்ஸுக்குள் அடியில் இருந்தது. மாதா காப்பாற்றினாள்.

சுருக்கத்தின் கடைசியில் 'தாய்மார்களும் சகோதரிகளும்' என்று ஒரு பகுதி இருப்பதாகப் போட்டிருக்கிறது. அது 217-இல் ஆரம்பிக்கிறதாம். அதில் என்ன இருக்கிறது அக்கா? உங்களுக்குத் தெரியுமா?

ஜெஸி


ஒத்தக்கடை
6 அக்டோபர் 2024, இரவு

அக்கா,

இரண்டு வாரமாகப் பதில் இல்லை. உங்களுக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லையே? இந்துப்ரியாவின் அம்மா சூடாமணி ஆன்ட்டி, நான் வாசலில் நின்றாலே கையை விரித்துக் காட்டிவிடுகிறார்கள்.

வியாழக்கிழமை ஆலன் பள்ளிக்கூடப் படியில் விழுந்து தாடையில் நான்கு தையல். தையல் போடும்போது அழவில்லை. வீட்டுக்கு வந்து, "என்னைய யாரும் தள்ளிவிடலக்கா. என் காலே தள்ளிவிட்டுருச்சு" என்றான். அதற்கு அத்தை, "கால் இல்லடா, உங்கம்மா வீட்டு ரத்தம்" என்றார்கள். ஆலன் அம்மாவைத் திரும்பிப் பார்த்தான். நிஜமாகவே அம்மாதான் தள்ளிவிட்டதுபோலப் பார்த்தான். என்னால் அதை மறக்க முடியவில்லை.

என்னிடம் இருப்பது உங்கள் ஆறு பக்கம் மட்டும்தான். மிச்சத்தைக் கொடுங்கள்.

ஜெஸி


அலங்காநல்லூர்
14 அக்டோபர் 2024

அன்புள்ள ஜெஸிம்மா,

சித்தியும் ஆலனும் எப்படி இருக்கிறார்கள்? தையல் ஆறியதா? மூன்று கடிதம் எழுதிக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன்.

நான் உன்னிடம் பொய் சொன்னேன். சந்தா எதுவும் நிற்கவில்லை. அந்தக் கட்டுரை முழுவதும் என்னிடம் ஜூலை 23 முதல் இருக்கிறது. கம்ப்யூட்டர் தேதியும் சரிதான். உனக்காக எடுத்ததல்ல அது, எனக்காக எடுத்தது. எனக்கு இப்போது ஐந்தாம் மாதம். நாள் தள்ளிப்போனதும் காட்டப்போன இடத்தில் டாக்டர் அம்மா, குடும்பத்தில் யாருக்காவது ஏதாவது இருந்ததா என்று கேட்டார். அற்புதராஜ் மாமாவைப் பற்றிச் சொன்னேன். டாக்டர் அம்மாதான் இந்த நோயின் பெயரை முதலில் சொன்னார்.

மாமா காய்ச்சலில் சாகவில்லை ஜெஸி. அவர் இறந்தபோது எனக்கு ஏழு வயது. நாற்காலியில் உட்கார்ந்தே இருப்பார். முகத்தில் ஈ உட்கார்ந்தால் விரட்டக் கை எழாது. நான் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் விசிறியோடு பக்கத்தில் உட்காருவது எனக்குக் கொடுத்த வேலை. பதினாறு வயதில் போனார். அப்போது உன் அம்மாவுக்கு இருபது வயது, மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். யார் கேட்டாலும் காய்ச்சல் என்று சொல்ல வேண்டும் என்று பெரியவர்கள் எல்லோரையும் உட்கார வைத்துச் சொன்னார்கள். என்னையும்தான்.

217-இல் இருப்பது இதுதான். "ஆனால், குடும்பத்தில் தாயின் உடன்பிறந்த சகோதரனுக்கும் இந்நோய் இருந்திருந்தால், அந்தத் தாய் நோயைக் கடத்துபவரே. அதில் ஐயமில்லை." உனக்குக் கோடு போட்டுக் கொடுத்த மூன்றில் ஒன்று உன் அம்மாவுக்குப் பொருந்தாது. அது தெரிந்துதான் அந்த இடத்தோடு நிறுத்தினேன். வரி பாதியில் நிற்பதைச் சித்தப்பா பிடிப்பார் என்று நினைக்கவில்லை.

இது சித்தியின் குற்றம் இல்லை. யாரும் கேட்டு வாங்கிக்கொள்வதில்லை. அதுவும் அதே பக்கத்தில் இருக்கிறது. ஆனால் உன் வீட்டில் அந்த வரியை யார் படிக்கப் போகிறார்கள்?

218-ஐப் பற்றி என்னிடம் கேட்காதே. அது உனக்கும் எனக்கும் உள்ளது. உனக்கு இன்னும் வயது இருக்கிறது, பிறகு பேசலாம். நான் ஒரு பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறேன்.

நூலகத்தில் இல்லை என்று சொல்லிவிடு. நான் யாருக்கும் தர மாட்டேன்.

பெர்சி


ஒத்தக்கடை
20 அக்டோபர் 2024, இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

உங்களுக்கும் உங்கள் பிள்ளைக்கும் ஒன்றும் ஆகக் கூடாது. தினமும் ஒரு ஜெபமாலை உங்களுக்காகச் சொல்கிறேன். மூச்சு வாங்கியதற்குப் பேரீச்சம்பழம் சாப்பிடச் சொன்னேனே, எவ்வளவு முட்டாள் நான்.

உங்கள் கடிதத்தைப் பாத்ரூமில் வைத்துப் படித்தேன். குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். நான் தேடியதே தப்பு. தேடாமல் இருந்திருந்தால் அத்தை சொல்வது வெறும் அத்தை சொல்வதாகவே இருந்திருக்கும்.

அப்பாவிடம் நூலகத்தில் இல்லை என்று சொன்னேன். அவர் என்ன செய்தார் தெரியுமா? அந்த ஆறு பக்கத்தின் அடியிலிருந்த பொடி எழுத்தைப் படித்து, பல்கலைக்கழக நூலகருக்கு அவரே ஒரு மனு எழுதிவிட்டார். "பெறுநர், பொருள், பார்வை" எல்லாம் போட்டு. வெளியாட்களும் கட்டணம் கட்டிப் பிரதி கேட்கலாமாம், கோர்ட்டில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். நேற்று பதிவுத் தபாலில் அனுப்பினார். "உங்க டீச்சருக்கு எதுக்குச் சிரமம்? நானே முறைப்படி வாங்கிக்கிறேன்" என்றார். அம்மா அப்போது வாசலில் மீன் அலசிக்கொண்டிருந்தார்கள். கை அப்படியே தண்ணீரில் நின்றுவிட்டது.

அக்கா, அந்தக் கடிதம் உங்கள் மேஜைக்குத்தானே வரும்? தடுத்துவிடுங்கள். தொலைந்துவிட்டது, கரையான் அரித்துவிட்டது, எதையாவது எழுதி அனுப்புங்கள். நீங்கள் அந்த மேஜையில் இருக்கிறீர்கள் என்பது ஒன்றுதான் எனக்குத் தைரியம்.

அம்மாவிடம் மாமாவைப் பற்றிக் கேட்கலாமா என்று பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவர்களே என் தலையைக் கோதி, "நீ ஒண்ணும் தேடாத பாப்பா. எனக்குத் தெரியும்" என்றார்கள். என்ன தெரியும் என்று கேட்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.

ஜெஸி


அலங்காநல்லூர்
11 நவம்பர் 2024

ஜெஸி,

நீயாவது சுகமாக இரு.

சித்தப்பாவின் மனு வந்த சமயத்தில் இரண்டு வாரம் நான் நூலகத்தில் இல்லை. ஆஸ்பத்திரியில் இருந்தேன். என் இடத்தில் நாகஜோதி என்று ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். நல்ல பெண், வேலையில் சுத்தம். கட்டணம் வந்திருக்கிறது, கட்டுரை இருக்கிறது, பிறகென்ன? முழுக் கட்டுரையையும் பிரதி எடுத்து, முத்திரை வைத்து அனுப்பிவிட்டாள். இன்று வேலைக்குப் போனபோது பதிவேட்டில் பார்த்தேன். அவளைக் குறை சொல்ல முடியாது. நூலகம் அதற்குத்தான் இருக்கிறது.

பரிசோதனை முடிவு வந்தது. எனக்கும் இருக்கிறது. பிள்ளைக்கும் இருந்தது. இப்போது என் வயிற்றில் யாரும் இல்லை. அதற்கு மேல் கேட்காதே. அத்தான் அழுதார், நான் அழவில்லை. மாமாவுக்கு விசிறிக்கொண்டே இருந்தது மட்டும் ஞாபகத்துக்கு வருகிறது.

கவர் வந்துவிட்டதா?

பெர்சி


ஒத்தக்கடை
30 நவம்பர் 2024, சனி இரவு

அன்புள்ள பெர்சி அக்காவுக்கு,

உங்கள் உடம்பு தேறியதா என்று எழுதத் தொடங்கி, அந்தக் கேள்வியை எப்படிக் கேட்பது என்று தெரியாமல் பத்து நாள் போய்விட்டது. ஆறுதல் சொல்ல எனக்கு வயதில்லை. உங்கள் பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்திருக்க ஆசையாக இருக்கிறது.

கவர் வந்தது. நீங்கள் அதைக் கேட்டு எழுதுவதற்கு முன்பே வந்திருக்கிறது. அப்பா அதை ஆபீஸ் முகவரிக்கு வாங்கி, பீரோவில் வைத்து, யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறார். பிரிக்கவும் இல்லை. நாளைக்கு எழுத முடியுமா என்று தெரியவில்லை, அதனால் இன்றே எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன்.

சாயங்காலம் ஜெபமாலை முடிந்ததும் எல்லோரையும் கூடத்தில் உட்காரச் சொன்னார். ஆலனை மட்டும் உள்ளே தூங்க வைத்தார்கள். அப்பா கவரைப் பிரித்து, பென்சிலால் ஒவ்வொரு தாளிலும் எண் போட்டு, எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, 217-ஐ என்னிடம் நீட்டினார். "எனக்கு இங்கிலீஷ் தெரியும். ஆனா இது டாக்டர் இங்கிலீஷ். நீ பயாலஜி படிக்கிறவ. தமிழ்ல சொல்லு."

நான் படித்தேன். "ஆனால், குடும்பத்தில் யாரையும் இதற்குக் குறை சொல்ல முடியாது" என்று, அங்கே இல்லாததைச் சொன்னேன். அத்தை, "இதுக்குத்தானா இந்தப் பாடு?" என்று எழுந்திருக்கப் போனார்கள். அப்பா விரலை வைத்துக் காட்டினார். "இங்க மூணு வரி இருக்கு பாப்பா. நீ ஒண்ணுதான் சொன்ன."

அம்மாதான் பேசினார்கள். "பிள்ளையப் பாடாப் படுத்தாதீங்க. நான் சொல்றேன். என் தம்பி காய்ச்சல்ல சாகல. ஆலன் மாதிரியேதான் விழுந்து விழுந்து எந்திரிச்சான். பதினோரு வயசுல உக்காந்தவன் எந்திரிக்கவே இல்ல. கல்யாணம் நின்னு போகும்னு அண்ணன் சொல்லக் கூடாதுன்னாரு. நானும் சொல்லல. ஆலன் முத முத விழுந்தப்பவே எனக்குத் தெரிஞ்சு போச்சுங்க."

"கேட்டியா ஆல்பினு? மறைச்சுக் கட்டிவச்சுட்டாய்ங்க, மறைச்சு!" அத்தை அப்பாவைப் பார்த்து மார்பில் அடித்துக்கொண்டார்கள். அப்பா சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நாளைக்குக் காலையில அஞ்சரைக்கு ஆட்டோ சொல்றேன்" என்று மட்டும் சொன்னார்.

அப்புறம் அடுத்த தாளைப் புரட்டினார். 218. "சகோதரிகள்னு போட்டிருக்கே. இது என்ன?" என்றார். இனிப் பொய் சொல்லி என்ன என்று உள்ளதைச் சொன்னேன். அந்தத் தாயின் பெண் பிள்ளைகளில் இரண்டில் ஒருவருக்கு இருக்கலாம், அவர்களுக்குப் பெரும்பாலும் ஒன்றும் செய்யாது, அவர்களுடைய மகன்களுக்கு வரலாம் என்று. சொல்லிக்கொண்டிருக்கும்போதே அது என்னைப் பற்றி என்று எல்லோருக்கும் புரிந்துவிட்டது. அத்தை என்னைப் பார்த்தார்கள், பிறகு பார்க்காததுபோலத் திரும்பிக்கொண்டார்கள்.

அப்பா அந்தத் தாளை மட்டும் உருவினார். இத்தனை வருடத்தில் அவர் ஒரு காகிதத்தைக் கிழித்து நான் பார்த்ததில்லை. நான்காகக் கிழித்து, அடுப்படிக்குப் போய்க் கொளுத்திவிட்டு வந்தார். "இது இந்த வாசல் தாண்டக் கூடாது. நாளப்பின்ன இவளுக்கு ஒரு இடம் பாக்கணும்" என்றார்.

அம்மா சிரித்தார்கள் அக்கா. சத்தமாக இல்லை. "எங்க அண்ணனும் இதே வார்த்தையத்தாங்க சொன்னாரு" என்றார்கள்.

அம்மா பைகளைக் கட்டிவிட்டார்கள். ஆலனிடம் அவனியாபுரத்தில் ஏரோப்ளேன் தலைக்கு மேலே போகும், பொங்கலுக்கு மாடு பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். அவன் தூக்கத்தில்கூடச் சிரிக்கிறான். நான் போகக் கூடாதாம். பரீட்சை இருக்கிறது, இங்கே ஒரு பெண்பிள்ளை வேண்டும் என்று அப்பா சொல்லிவிட்டார். நான் என் இரண்டு யூனிஃபார்மையும் அம்மாவின் பையில் அடியில் வைத்துவிட்டேன். ஆட்டோ வரும்போது ஆலனைத் தூக்கிக்கொண்டு ஏறி உட்கார்ந்துவிடுவேன். இறங்கச் சொன்னால் இறங்க மாட்டேன். அடித்தாலும் மாட்டேன். ஆலன் இன்னும் மூன்று வருடத்தில் உட்கார்ந்துவிடுவான் என்றால், அம்மா ஒருத்தியால் அவனைத் தூக்க முடியாது.

கொளுத்திய தாள் எனக்கு மனப்பாடம். பெண் பார்க்க யார் வந்தாலும் அவர்கள் முன்னால் உட்கார்ந்து அந்தப் பத்தியை முதலிலிருந்து கடைசி வரை சொல்வேன். அப்பாவை இருக்க வைத்துக்கொண்டே சொல்வேன். அதற்குப் பிறகு எனக்கு எந்த வீடும் இருக்காது என்று தெரியும். அப்போது உங்கள் வீட்டில் எனக்கு ஒரு பாய் விரிக்க இடம் இருக்குமா? அத்தானிடம் இப்போதே கேட்டு வையுங்கள். ஆலனுக்கும் சேர்த்துக் கேளுங்கள். அவன் எடை பதினெட்டு கிலோதான், நான் தூக்கிப் பார்த்தேன், என்னால்

கதவைத் தட்டுகிறார்கள். மணி நான்குகூட ஆகவில்லை. அம்மா இல்லை, அம்மா தட்ட மாட்டார்கள். கதவிடுக்கில் தெரிகிறது, அம்மாவின் பையில் நான் வைத்த யூனிஃபார்மை யாரோ எடுத்து வெளியே